எலுமிச்சம்பழம் நின்ற வாசல்

போன மாதம், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காக என் பழைய அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை இந்த வேலை உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து என் உயிரை ஒப்புக்கொள்ளும்வரை சும்மா நிற்பானேன் என்று, நான் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த மாடிப் பிரிவுக்கு ஏறிப் போனேன். அங்கே ஓர் இளம் பெண் பொறியாளர் கணினித் திரையில் மழை பெய்ய வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனைப்பிரிவு வரைபடத்தின்மேல் மழை விழுந்தது. நீல நிறத் தண்ணீர் தெருத்தெருவாக ஓடிக் கால்வாயில் இறங்கியது. எத்தனை நிமிடத்தில் வடியும் என்று ஓரத்தில் கணக்கும் வந்தது. எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருந்தது.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்து, "சார், ஒங்க காலத்துல எலுமிச்சம்பழத்த வுட்டுதான் லேஅவுட்ட பாஸ் பண்ணுவீங்களாமே, நெஜமாவா?" என்று கேட்டார். பக்கத்து மேசைகளில் எல்லாரும் சிரித்தார்கள். அதில் ஒருவர், மனை போடுகிறவர்களை வழிக்குக் கொண்டுவர நாங்கள் ஏதோ மந்திரம் செய்ததாகவே கேள்விப்பட்டிருக்கிறாராம். நான் நாலு வார்த்தை விளக்கிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கையெழுத்துக்காரர் வந்துவிட்டார், கீழே ஓட வேண்டியதாயிற்று. சொல்ல விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

டிப்ளமோ முடித்து ஓவர்சீயராகச் சேர்ந்தவன் நான். முதல் ஐந்து வருடம் லெவல் மிஷினின் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சுமந்தேன். அடுத்த ஐந்து வருடம் அதைச் சுமக்கிறவரோடு நடந்தேன். அதற்குப் பிறகு புதுச்சேரியைச் சுற்றியிருந்த வயல்களெல்லாம் மனைகளாக மாற ஆரம்பித்தன. நான் மழைத் தண்ணீர் பிரிவில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வேலை கேட்பதற்குச் சுலபம். வயலை வாங்கி மனை போடுகிறவர் வரைபடம் கொண்டுவருவார். நாற்பது மனை, இரண்டு ரோடு, ஒரு பூங்கா. பூங்காவில் மரங்களை நன்றாகப் பச்சை அடித்திருப்பார். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டால், இத்தனை காலம் எங்கே போச்சோ அங்கேயே போகும் சார் என்பார். இத்தனை காலம் அது அந்த நிலத்திலேயேதான் நின்றது. அதனால்தான் அங்கே நெல் விளைந்தது. தண்ணீர் பக்கத்து மனைக்காரர் வீட்டுக்குள் போகாமல், கால்வாய் வழியாக ஓடிப் பெரிய வாய்க்காலில் விழுகிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

எங்கள் பெரிய அதிகாரி அமலோர் சார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக் கட்டுப்பாடு மகனுக்கும் வந்திருந்தது. ஐந்தரை அடி உயரம், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, வெயிலானாலும் மழையானாலும் கையில் கறுப்புக் குடை. தண்ணீர் லாரிக்காரருக்குக்கூட பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லித்தான் அனுப்புவார். சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதைதான் கூடும். சந்தோஷமாக இருந்தால் என்னை "வேணு, நீ இங்க வா" என்பார். ஏதாவது தப்பு நடந்திருந்தால் "வேணுகோபால், நீங்க கொஞ்சம் வாங்க" என்பார். "திரு. வேணுகோபால் அவர்கள்" என்று அழைப்பு வந்தால், போகும்முன் பாத்ரூம் போய்விட்டுத்தான் போவேன்.

அவருக்கு வரைபடத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. "பேப்பர்ல எல்லாத் தண்ணியும் ஓடும்ப்பா. நமக்குக் கால்வாயில ஓடணும்" என்பார். அதனால் கால்வாய் கட்டி முடித்ததும், மேல் கோடியில் ஒரு லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதில் எதையாவது மிதக்கவிட்டுக் கூடவே நடந்து பார்ப்பார். முதலில் காகிதக் கப்பல் விட்டார், நூறு அடியில் ஊறிப் போயிற்று. சாமந்திப் பூ விட்டார், கால்வாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் பந்து விட்டார். அன்றைக்குக் கடல் காற்று பலமாக இருந்தது, பந்து தண்ணீருக்கு எதிர்த்திசையில் போய் எங்களை அவமானப்படுத்தியது. கடைசியாக எலுமிச்சம்பழத்துக்கு வந்து சேர்ந்தார். பழம் முக்கால்வாசி தண்ணீருக்குள் இருக்கும், காற்று அதைத் தள்ளாது. ஊறாது, ஒட்டாது. தண்ணீர் போகிற வேகத்தில்தான் போகும்.

ஆனால் எல்லாப் பழமும் மிதப்பதில்லை. சில பழம் நேராக அடிக்குப் போய்விடும். ஆகவே சோதனைக்கு முதல் நாள் நானும் அவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போவோம். அவர் ஒரு சிறிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவருவார். கூடையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டு, மிதப்பதை ஒரு பக்கமும் மூழ்குவதை ஒரு பக்கமும் வைப்பார். பழக்கார அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இன்னா சார், பழம் வாங்க வந்தியா, குளுப்பாட்ட வந்தியா?" என்று கேட்டார். அமலோர் சார் கோபித்துக்கொள்ளாமல், "மூணே மூணு பழம்தாம்மா வேணும், ஆனா நல்லா நீஞ்சத் தெரியணும்" என்றார்.

மூன்று பழத்திலும் சிவப்பு மையால் எண் போட்டு, தன் சுருக்கக் கையெழுத்தையும் போடுவார். இதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் மனை போட்ட ஒருவர், பழம் வழியில் எங்கேயோ மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்து, கீழ்க் கோடியில் ஓர் ஆளைப் பை நிறையப் பழத்தோடு உட்கார வைத்துவிட்டார். அந்த ஆளுக்கு எண்ணிக்கை சொல்லவில்லை போல. நாங்கள் விட்டது மூன்று, வந்து சேர்ந்தது ஐந்து. அன்றிலிருந்து கையெழுத்துப் போட்ட பழம்தான். கால்வாயின் ஒரு கரையில் அவர் குடையோடு நடப்பார், மறு கரையில் நான் நோட்டோடு நடப்பேன். பழம் தயங்கினால் குச்சியால் தொடக் கூடாது, வாயால் ஊதக்கூடக் கூடாது. "பழத்துக்கு ஒத்தாச பண்ணாதப்பா, அதுதான் இங்க இன்ஸ்பெக்டர்" என்பார். மூன்று பழமும் பெரிய வாய்க்காலில் விழுந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

இப்போது உழவர்கரைப் பக்கத்து மனைப்பிரிவுக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். எண்ணூறு அடி நீளக் கால்வாய். நானூறு அடிக்கு ஓர் அடி சரிவு. அதற்கு மட்டம் குறித்துக் கொடுத்தவன் நான்.

மட்டம் எடுப்பது என்றால் இவ்வளவுதான். அசையாத ஓர் இடத்தில் ஒரு குறி போட்டுக்கொள்வோம். அந்தக் குறியை ஒரு கணக்குக்கு நூறு என்று வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் அதைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று மிஷின் வழியாகப் பார்த்து எழுதுவோம். எல்லாம் அந்த ஒரு குறியை நம்பித்தான். அந்த இடத்தில் மனைகளுக்கு நடுவில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. அதன் கருங்கல் படிதான் சுற்று வட்டாரத்திலேயே அசையாத பொருள் என்று முடிவு செய்து, அதன்மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டமும் அம்புக்குறியும் போட்டேன். ஆனி மாதம் கால்வாயின் மேல் பாதிக்கு மட்டம் குறித்துக் கொடுத்தேன். பிறகு வேறு வேலை வந்துவிட்டது. கீழ்ப் பாதியைக் குறிக்க ஆவணியில்தான் திரும்பிப் போனேன்.

போனால் கோயிலுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். என் குறிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஓரமாகக் கற்பூரம் ஏற்றிய கரியும் இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எத்தனையோ ஊரில் என் குறிமேல் மாட்டைக் கட்டியிருக்கிறார்கள், சாணி தட்டியிருக்கிறார்கள். இங்கே மதிக்கத் தெரிந்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு குறியை மட்டும் நம்பக் கூடாது, இரண்டாவது குறியோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது குறியை ஆனியிலேயே வாய்க்கால் மதகுச் சுவரில் போட்டு வைத்திருந்தேன். அதற்கு முன்னால் கருவேலம் ஆளுயரம் வளர்ந்திருந்தது. முள்ளில் யார் நுழைவது என்று விட்டுவிட்டேன். மஞ்சள் குங்குமத்தின்மேல் அளவுகோலை நிறுத்தி, கீழ்ப் பாதியையும் குறித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அங்கே மனை வாங்கினவர்களில் ஒருவர் ஹபீபுல்லா பாய். பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்தில் மெத்தை, தலையணை தைக்கும் கடை வைத்திருந்தார். வாடகை வீட்டிலேயே பஞ்சையும் வைத்திருந்தார். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் சந்துத் தண்ணீர் உள்ளே வந்து பஞ்சு ஊறிவிடும். ஊறின இலவம் பஞ்சை எதற்கும் பயன்படுத்த முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அதற்குப் பயந்தே தம்பதிகள் இருவரும் இருபது வருடம் சேர்த்து இந்த மனையை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரம் போடும்போது பாய் என்னிடம் கேட்டார். "சார், எல்லாரும் ரோட்டுக்கு மேல ரெண்டரை அடி ஒசத்துறாங்க. நானும் ஒசத்திடட்டுமா?"

"எதுக்கு பாய்? கால்வாய் வருதே. முக்கா அடி போதும். மூட்ட ஏத்துன வண்டி நேரா ஹாலுக்குள்ள வந்துடும்" என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பி முக்கால் அடியோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் தெருவிலேயே தாழ்ந்த வீடு அவருடையதுதான்.

புரட்டாசியில் கால்வாய் முடிந்து சோதனைக்குப் போனோம். லாரித் தண்ணீர் திறந்தோம், அமலோர் சார் முதல் பழத்தை விட்டார். அழகாகப் போயிற்று. நானூறு அடி தாண்டி, ஹபீபுல்லா பாய் வீட்டு வாசலில் கால்வாய்க்கு மேல் போட்டிருந்த சிமென்ட் பலகைக்கு அடியில் நுழைந்தது. நாங்கள் பலகையின் மறுபக்கம் போய் நின்றோம். வரவில்லை. இரண்டாவது பழத்தை விட்டார். அதுவும் நுழைந்தது, வரவில்லை. மூன்றாவதையும் விட்டுவிட்டு அவர் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். மூன்று பழமும் அசையாத தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

அவர் நிமிர்ந்து, "வேணுகோபால், நீங்க கொஞ்சம் வாங்க" என்றார்.

அதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சிவப்பு எழுத்துப் போட்ட எலுமிச்சம்பழம், மூன்று, ஒரே வாசலில். இதற்குமேல் அந்தத் தெருவுக்கு என்ன விளக்கம் வேண்டும்? யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாயின் மனைவி ஜமீலா அம்மா வெளியே வந்தார். பழத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"யாரு சார் இத போட்டது?"

"நான்தாம்மா" என்றார் அமலோர் சார்.

"இந்த செவப்பு எழுத்து?"

"அதும் என் கையெழுத்துதாம்மா."

"உங்களுக்கு எங்க மேல என்னா சார் கோவம்? நாங்க உங்களுக்கு என்னா பண்ணோம்?" என்று அந்த அம்மா கேட்டார். அமலோர் சார் ஐந்து நிமிடம் கால்வாய்ச் சரிவு, தண்ணீர், மிதப்பு என்று விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் சார் எங்க வாசல்ல மட்டும் நிக்குது?" என்றார்.

மனை போட்டவர் செல்வராசு எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர். "சார், பாய் வூட்ல ஏதோ தோஷம். தர்காவுல ஓதிடலாம், நம்ம பூசாரிய கூட்டாந்து சுத்தியும் போட்டுடலாம். அவ்ளோதான?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இல்லன்னா பழத்த அந்தப் பலகைக்கு அந்தாண்ட இருந்து வுடுங்க சார், கரெக்டா போயிடும்" என்று இன்னொரு வழியும் சொன்னார்.

"திரு. செல்வராசு அவர்களே, தாங்கள் போய் நிழலில் உட்காருங்கள்" என்றார் அமலோர் சார். செல்வராசு அதை உபசாரம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

மறுநாள் நான் தனியாக மிஷினோடு போய் அதே கோயில் குறியை வைத்து மறுபடி மட்டம் எடுத்தேன். கீழ்ப் பாதி என் குறிப்புப்படி அப்பழுக்கில்லாமல் இருந்தது. மேல் பாதி எல்லா இடத்திலும் முக்கால் அடி தாழ்ந்து காட்டியது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் என்னய்யா செய்தாய் என்று கேட்டேன்.

"ஒம்போது இன்ச்சு வித்தியாசம் வந்துச்சி சார். கீழ்ப் பக்கம் மேடா நின்னுச்சி. சின்ன விஷயத்துக்கு ஒங்கள எதுக்கு தொந்தரவு பண்றதுன்னு, பாய் வூட்டு பலகைக்குக் கீழ சரிவா பூசி சேத்துட்டேன். கைய வெச்சிப் பாருங்க, பிசுறே இருக்காது" என்றார். பார்த்தேன். தண்ணீர் ஏறவே முடியாத அந்த மேடு, கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

கோயிலுக்குத் திரும்பிப் போனேன். பூசாரி என் குறிக்குப் புதிதாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். புது வெள்ளை அடித்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பூசாரி, இந்தப் படிய யாராவது அசைச்சீங்களா?"

"அசைக்கிறதா! ஆடி மாசம் திருப்பணி நடந்துச்சே சார். ரோடு ஒசந்துபோச்சி, கோயிலு பள்ளமாயிடுச்சின்னு படிய பேத்து, கீழ கல்லு குடுத்து தூக்கி வெச்சோம். ஆளுங்க இந்தக் கல்லு வாணாம், புதுசு போடலாம்னாங்க. நான்தான், செவப்புல குறி போட்ருக்குது, தெய்வக் குறியா இருக்கும், அத கீழ போடக் கூடாதுன்னு பத்திரமா திரும்ப வெச்சேன்."

"எவ்ளோ ஒசத்துனீங்க?"

அவர் கையை விரித்துப் படியின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சரியாக ஒரு சாண். ஒன்பது அங்குலம். குறி ஒரு சாண் மேலே போனது தெரியாமல், பழைய கணக்கையே வைத்துக் கீழ்ப் பாதி முழுவதையும் ஒரு சாண் மேட்டில் கட்ட வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைத் தண்ணீர் எல்லாம் பாய் வாசலில் வந்து நின்று, போக இடமில்லாமல், நான் சொல்லி வைத்த முக்கால் அடியைத் தாண்டி வீட்டுக்குள் போகும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனம் போன போக்கை இங்கே சொல்லத்தான் வேண்டும். மேஸ்திரி பூசியதுதான் தப்பு என்று எழுதிவிடலாம். மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில்காரர்கள் மேலும் போடலாம். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த நேரம் அது. அலுவலக வாசலுக்கு வருவதற்குள் நாலு விதமாக அறிக்கை எழுதி முடித்துவிட்டேன், எல்லாம் மனத்துக்குள்தான். நாலிலும் நான் உத்தமன்.

அமலோர் சார் அறையில் அவர் மேசைமேல் அந்த மூன்று பழமும் ஒரு தட்டில் இருந்தன. "திரு. வேணுகோபால் அவர்கள் உட்காருங்கள்" என்றார். அந்தத் தட்டைப் பார்த்ததும் நாலு அறிக்கையும் மறந்துபோயின.

"சார், தப்பு என்னுது. ரெண்டாவது குறிய பாக்கல. முள்ளு இருந்துச்சின்னு வுட்டுட்டேன்" என்று ஆரம்பித்து, மஞ்சள் குங்குமத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். முடித்த பிறகு அவர் மட்டப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "எழுதுங்க" என்றார். தவறு என்னுடையது, கால்வாயின் கீழ்ப் பாதியை உடைத்து மறுபடி கட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவரும் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குங்குமம் வெச்சதுக்கு ரொம்ப பெருமையா இருந்துச்சா ஒனக்கு?" என்றார். அந்த 'ஒனக்கு' காதில் விழுந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்வராசு குதித்தார். கால்வாய் முடியாமல் சான்று இல்லை, சான்று இல்லாமல் மிச்ச மனை விற்காது என்றதும் கடப்பாரையோடு ஆள் அனுப்பினார். நான் கருவேலத்தில் நுழைந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு, மதகுக் குறியிலிருந்து மறுபடி மட்டம் குறித்துக் கொடுத்தேன். கோயில் படியில் இருந்த என் குறியை அழிக்கலாம் என்று பெயின்டோடு போனபோது பூசாரி விடவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிந்து மறுபடி மூன்று பழம் விட்டோம். மூன்றும் நிற்காமல் ஓடிப் பெரிய வாய்க்காலில் விழுந்தன. அமலோர் சார் பேனாவைத் திறந்தார்.

ஆனால் ஜமீலா அம்மா அந்த வீட்டுக்குக் குடிவர மாட்டேன் என்றார். பாய் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "இருபது வருஷ உழைப்பு சார். வாடகை வூட்ட காலி பண்றேன்னு சொல்லிட்டேன். இவ என்னான்னா, பழம் ஓடுச்சி, மழ ஓடுமான்னு கேக்குறா." கூடவே வந்திருந்த அந்த அம்மா நேராக அமலோர் சாரிடம் சொன்னார். "முக்கா அடி போதும்னு இந்த சார்தான் சொன்னாரு. மொத பெரு மழைக்கு இவரே வந்து எங்க வூட்ல உக்காரட்டும். தண்ணி உள்ள வந்தா மொதல்ல இவரு கால் நனையட்டும். அப்பிடின்னா வரேன்."

அமலோர் சார் என் பக்கம் திரும்பினார். "ரொம்ப நியாயமான கண்டிஷன். வேணு, நீ போ" என்றார். எங்கள் விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு சோதனை கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மழை ஐப்பசிக் கடைசியில் வந்தது. விடிந்ததிலிருந்து வானம் கறுத்துக் கிடந்தது, எட்டு மணிக்குப் பிடித்துக்கொண்டது. நான் பஸ் பிடித்து, குடையோடு நடந்து போய்ச் சேரும்போது முழங்கால் வரை நனைந்திருந்தேன். குடையைக் கதவு மூலையில் சாத்திவிட்டு உள்ளே போனேன். ஹாலில் பெரிய கட்டில் ஒன்று. அதன்மேல் கூரைவரை பஞ்சு மூட்டைகள். மூட்டைகளுக்கு முன்னால் மிச்சமிருந்த ஓரத்தில் பாய், ஜமீலா அம்மா, இரண்டு பெண்கள், நால்வரும் காலை மேலே மடக்கி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் தரையில், வாசலுக்கு நேராக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

உட்கார்ந்தேன். எல்லார் கண்ணும் வாசற்படியில் இருந்தது. கால்வாயில் தண்ணீர் ஏறுவது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. முதலில் பாதி, பிறகு முக்கால், பிறகு பலகையின் அடியை நக்கிக்கொண்டு ஓடியது. இருபத்தைந்து வருட சர்வீஸில் அப்படி நான் வேர்த்ததில்லை. அரைமணிக்கு ஒரு முறை அமலோர் சார் செல்லில் கூப்பிட்டார். "கால் நனைஞ்சிதா?" "இல்ல சார்." "சரி, உக்காரு."

பத்தரை மணிக்குச் சின்னப் பெண் வீரிட்டாள். "அம்மா, தண்ணி!"

கதவுப் பக்கத்திலிருந்து ஒரு கோடு மாதிரித் தண்ணீர் தரையில் நெளிந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாய் "யா அல்லா" என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டார். ஜமீலா அம்மா மட்டும் கட்டிலில் இருந்து எட்டி, அந்தக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து பார்த்தார். "அது சாரு கொட" என்றார்.

ஆமாம், நான் மூலையில் சாத்திய குடைதான், அதன் தண்ணீர் அங்கேயே தேங்கி இப்போதுதான் வழிந்திருக்கிறது. அன்று அந்த வீட்டுக்குள் வந்த ஒரே தண்ணீர் நான் கொண்டுவந்தது. பெரிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மழை இன்னும் ஒரு மணி நேரம் அதே வேகத்தில் கொட்டியது. கால்வாய்த் தண்ணீர் பலகையைத் தாண்டவில்லை. நின்று யோசிக்கவும் இல்லை, செம்மண் கலந்து தடதடவென்று பெரிய வாய்க்கால் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது ஜமீலா அம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். வெறுங்காலோடு ஹாலைக் கடந்து வாசற்படிக்குப் போய், முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கால்வாயை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து புருஷனிடம், "மூட்டய கீழ எறக்குங்க" என்றார். பாய் நம்பாமல் பார்த்தார். "எறக்குங்கன்னா. கட்டில்ல மனுஷங்க படுக்க வாணாமா?" பாயும் பெண்களும் பஞ்சு மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்கள். சுவரோரமாக அவை வரிசையாக நின்றன.

அந்த அம்மா கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"அதான் ஒண்ணும் வரலியே சார். நீங்களும் கால கீழ வையுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை, என் இரண்டு காலும் நாற்காலிமேல்தான் இருந்தன.